நாடு, வீடு, நான்: ஒரு போர்ப்படத்தை மூன்று பென்சிலோடு பார்ப்பது எப்படி

போர்ப்படம் பற்றி நான் முதன்முதலில் எழுதிய கட்டுரை திரும்பி வந்தது. நான்கு பக்கம். அதில் 'தேசபக்தி' என்ற சொல் பதினொரு இடத்தில் இருந்ததாம். எண்ணியது நான் இல்லை, பத்திரிகை ஆசிரியர். பதினொன்றையும் பென்சிலால் வட்டமிட்டு, கடைசி வட்டத்துக்குப் பக்கத்தில் "யாருடையது?" என்று மட்டும் எழுதியிருந்தார். ஒரு வாரம் கோபமாகத்தான் இருந்தேன். அப்புறம் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். மனிதர் கேட்டது நியாயமான கேள்வி. படத்தில் நடந்துபோகிற எட்டுப் பேரில் யாரும் நாட்டுக்காக நடக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நடக்கவில்லை. அதைச் சொன்னது நான்தான், பதினொரு தடவை.

படம் 'சேவிங் பிரைவேட் ரயன்'. ஸ்பீல்பெர்க் இயக்கியது, 1998-இல் வந்தது, 169 நிமிடம். நாட்டுப்பற்று, குடும்பப் பாசம், தனிமனிதனின் விருப்பம் மூன்றும் எப்படி மோதிக்கொள்கின்றன என்று எழுதிப் பழக இதைவிட வசதியான படம் எனக்குத் தெரிந்து இல்லை. கதையே அந்த இழுபறிதான். 1944 ஜூன் 6-ஆம் தேதி நார்மண்டியில் நேசநாட்டுப் படைகள் கரையிறங்குகின்றன. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு தாய்க்கு மூன்று மகன்களின் சாவுச் செய்தி ஒரே நாளில் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. நான்காவது மகன் ஜேம்ஸ் ரயன் பாராசூட்டில் குதித்தவன், எங்கே விழுந்தான் என்று யாருக்கும் தெரியாது. அவனைத் தேடிப் பிடித்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லி மேலிடத்து உத்தரவு. கேப்டன் மில்லர் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறார்.

முதல் தடவை பார்க்கும்போது கையில் எதுவும் வேண்டாம். ஓமாஹா கடற்கரைக் காட்சி மட்டும் ஏறக்குறைய 25 நிமிடம், பின்னணி இசையே கிடையாது. அதில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தால் ஒன்றும் எழுத மாட்டீர்கள், எழுதினாலும் பொய்யாகத்தான் இருக்கும். பார்த்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். இரண்டு நாள் கழித்து எந்தக் காட்சி தானாக நினைவுக்கு வருகிறது என்று மட்டும் குறித்து வையுங்கள். கட்டுரையின் முதல் பத்தி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இரண்டாவது தடவைக்கு மூன்று பென்சில். எனக்குச் சிவப்பு நாடு, பச்சை வீடு, நீலம் நான். காட்சிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, இடது பாதியில் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். வலது பாதியில் இரண்டே விஷயம்: பேசுவது யார், யார் பெயரைச் சொல்லிப் பேசுகிறார். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரு நிறம். வேறு வேறாக இருந்தால் இரண்டு நிறமும் பூசுங்கள். தளபதி நாட்டின் ஆள், ஆனால் தாயின் பெயரைச் சொல்லிப் பேசுகிறார் என்றால் சிவப்பும் பச்சையும். நான் முதல் கட்டுரையில் தவறவிட்டது இதைத்தான். மூன்றும் மூன்று அணியாக எதிரெதிரே நிற்கின்றன என்று நினைத்துவிட்டேன். இந்தப் படத்தில் ஒன்று இன்னொன்றின் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் வருகிறது.

பழகிக்கொள்ள நல்ல இடம், கடற்கரைக் காட்சி முடிந்த கையோடு வருகிற அலுவலகம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து இரங்கல் கடிதங்களைத் தட்டச்சு செய்கிறார்கள். அதில் ஒருத்தி திடீரென்று நிறுத்திவிட்டு, பழைய தாள்களைப் புரட்டி, ஒரே தாயின் பெயருக்கு மூன்று கடிதம் போவதைக் கண்டுபிடிக்கிறாள். அதிகாரி கண்டுபிடிக்கவில்லை, கணக்கு வைத்திருக்கும் எந்திரமும் கண்டுபிடிக்கவில்லை, ஒரு தட்டச்சுப் பெண் கண்டுபிடிக்கிறாள். தாள்கள் மேலே மேலே போகின்றன. ஒரு கை இல்லாத கர்னல் கைக்கு வந்து, கடைசியில் தலைமைத் தளபதி ஜார்ஜ் மார்ஷலிடம் போய் நிற்கின்றன. தேடப் போகிறவர்களும் சேர்ந்து சாவார்கள் என்று ஒருவர் எதிர்ப்புச் சொல்கிறார். மார்ஷல் வாதம் செய்வதில்லை. ஒரு பழைய கடிதத்தை எடுத்துப் படிக்கிறார். பாதியில் தாளைக் கீழே வைத்துவிட்டு மனப்பாடமாகவே சொல்லி முடிக்கிறார்.

அது லிங்கன் 1864 நவம்பர் 21-ஆம் தேதி பாஸ்டனில் இருந்த லிடியா பிக்ஸ்பி என்ற தாய்க்கு அனுப்பிய கடிதம். ஐந்து மகன்களைப் போரில் இழந்தவளுக்கு ஆறுதல். நிறம் பூசுங்கள்: பேசுவது நாடு, பேச்சு முழுக்க வீடு. இங்கே கொஞ்சம் வெளியே போய் வரலாம். அந்த ஐந்து பேரில் போரில் இறந்தது இரண்டு பேர்தான் என்று பின்னால் தெரியவந்தது. கடிதத்தை எழுதியது லிங்கனா, அவருடைய செயலாளர் ஜான் ஹேயா என்பதிலும் வரலாற்றாசிரியர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. அரசு ஒரு தாய்க்கு எழுதிய மிக அழகான கடிதம், தப்பான கணக்கின் மேல் நிற்கிறது. மார்ஷல் அதைச் சொல்வதில்லை, அந்த அறையில் யாரும் சொல்வதில்லை. இதை உங்கள் கட்டுரையில் சேர்க்கத் தோன்றும். சேருங்கள், இரண்டு வரிக்கு மேல் போனால் படம் கையை விட்டுப் போய்விடும்.

அதே அறையில் சல்லிவன் சகோதரர்கள் பெயரும் வருகிறது. அவர்களும் அயோவாக்காரர்கள். ஒரே கப்பலில் சேர்ந்துதான் இருப்போம் என்று சொல்லிக் கடற்படையில் சேர்ந்த ஐந்து அண்ணன் தம்பிகள். 1942 நவம்பர் 13-ஆம் தேதி 'ஜூனோ' கப்பல் மூழ்கியபோது ஐந்து பேரும் போனார்கள். குடும்பத்தில் மிஞ்சிய ஒருவனைப் போரிலிருந்து விலக்குவது 1948-இல் சட்டமாக எழுதப்பட்டதற்கு இப்படிப்பட்ட இழப்புகள்தான் காரணம். பச்சைப் பென்சிலை எடுக்கும்போது இவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பாசம் என்றால் காப்பாற்றும் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட முடியாது.

சரி, அயோவா வீட்டுக்கு வருவோம். என் அம்மா இந்தப் படத்தில் முழுதாகப் பார்த்தது இந்த ஒரு காட்சியைத்தான். ஜன்னலோரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிற ஒரு பெண். தூரத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு கார் வருகிறது. கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறாள். காரிலிருந்து அதிகாரி இறங்குகிறார், அப்புறம் பாதிரியார் இறங்குகிறார். அவரைப் பார்த்ததும் கால் மடங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். அவள் வாயில் ஒரு வார்த்தை கிடையாது. அம்மா திரையைப் பார்த்தபடியே, "கார் திரும்பும்போதே தெரிஞ்சிருச்சு அவளுக்கு. எத்தனை பேர்னுதான் தெரியலை" என்றார். என் நான்கு பக்கக் கட்டுரையில் அந்த அளவுக்கு ஒரு வரிகூட இல்லை.

அந்தக் காட்சியை நிறுத்தி ஜன்னலைப் பாருங்கள். சிறிய கொடி ஒன்று தொங்கும், அதில் நான்கு நட்சத்திரங்கள். முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து அமெரிக்க வீடுகளில் இருக்கிற வழக்கம் அது. படையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நீல நட்சத்திரம், இறந்தால் அதன் இடத்தில் பொன் நட்சத்திரம். நாட்டின் கொடி வீட்டு ஜன்னலில், வீட்டின் கணக்கைச் சுமந்துகொண்டு தொங்குகிறது. என் நோட்டில் இந்தப் பக்கம் சிவப்பும் பச்சையும் கலந்து பழுப்பாகிவிட்டது.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாய் உடனே நினைவுக்கு வருவாள். முந்தைய போர்களில் உறவையும் கணவனையும் இழந்த பிறகும், போர்ப்பறை கேட்டதும் ஒரே மகன் கையில் வேலைக் கொடுத்துப் போகச் சொல்பவள். அவளை இந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்தி 'வீரத்தாய்' என்று எழுதிவிடாதீர்கள். அயோவாக்காரி யாரையும் அனுப்புகிற மாதிரி படம் காட்டவே இல்லை. செய்தி வந்து சேர்வதை மட்டும்தான் காட்டுகிறது. ஒப்பிடுவதாக இருந்தால் அந்த வேறுபாட்டை ஒப்பிடுங்கள்.

அடுத்து, கணக்குக் கேட்கிறவனைப் பின்தொடருங்கள். புரூக்ளின்காரன் ரீபன், வயல்வெளியில் நடந்துகொண்டே கேட்கிறான்: ஒருத்தனைக் காப்பாற்ற எட்டுப் பேர் சாகலாம் என்பது என்ன கணக்கு? அந்தப் பையனின் அம்மாவை நினைத்துப் பார் என்கிறான் மருத்துவ உதவியாளன் வேட். ரீபன் விடுவதாக இல்லை. எனக்கும் அம்மா இருக்கிறாள், உனக்கும் இருக்கிறாள், ஏன், கேப்டனுக்குக்கூட இருப்பாள் என்கிறான். மார்ஷல் பயன்படுத்திய அதே சொல்லை எடுத்து உத்தரவுக்கு எதிராகத் திருப்பிவிட்டான். பெரும்பாலான கட்டுரைகளில் ரீபன் முணுமுணுப்பவனாகவே முடிந்துபோகிறான். எனக்கென்னவோ படத்தில் உருப்படியான கேள்வி கேட்பவன் அவன்தான் என்று தோன்றுகிறது.

பொருள்களைப் பின்தொடர்வதும் பலன் தரும். பேச்சை நடிகர் எப்படியும் உச்சரிக்கலாம், பொருள் யார் கையில் இருக்கிறதோ அங்கேதான் இருக்கும். கபார்ஸோ என்ற சிப்பாய், தன் உடன்பிறந்தவரின் மகளை நினைவுபடுத்தும் ஒரு பிரெஞ்சுக் குழந்தையைக் கையில் வாங்குகிறான். குழந்தைகளைக் கூட்டிப்போக முடியாது என்று மில்லர் கத்துகிறார். அந்தத் தாமதத்தில் மறைந்திருந்த துப்பாக்கிக்காரனின் குண்டு பாய்கிறது. சாகும்போது அப்பாவுக்கு எழுதிய கடிதத்தை நீட்டுகிறான், அதில் ரத்தம். அன்றிரவு தேவாலயத்தில் உட்கார்ந்து வேட் அதை வேறு தாளில் நகலெடுக்கிறான். ரத்தக்கறையோடு அந்த அப்பா கைக்குப் போகக் கூடாதே. பிறகு வேடும் சாகிறான், கடிதம் அடுத்த கைக்குப் போகிறது. இதற்கு யாரும் உத்தரவு போடவில்லை. ஒரு தாய்க்காக மார்ஷல் படையையே அனுப்புகிற அதே கதையில், ஒரு அப்பாவுக்காக நாலைந்து சிப்பாய்கள் சத்தமில்லாமல் அஞ்சல் வேலை பார்க்கிறார்கள்.

வேட் அன்றிரவு சொல்கிற கதையையும் விட்டுவிடாதீர்கள். அம்மா வேலை முடிந்து நேரம் கழித்து வருவாள். அவளோடு பேச ஆசையாக விழித்திருப்பான். சில நாள் அவள் சீக்கிரம் வந்து கதவருகே நிற்கும்போது, ஏனோ தூங்குவதுபோல் நடிப்பான். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை என்கிறான். பிற்பாடு அவன் சாகும்போது கூப்பிடுவது அம்மாவைத்தான். கடற்கரையில் குடல் சரிந்து கிடந்தவனும் அம்மாவைத்தான் கூப்பிட்டான். பச்சையில் ஒரு கோடு போதும், விளக்கம் எழுத வேண்டாம்.

இறந்தவர்களின் அடையாளத் தகடுகளைச் சீட்டுக்கட்டுபோலக் கலைத்து ரயன் பெயரைத் தேடும் காட்சி, பெயர் ஒத்துப்போன தப்பான ரயன் தன் குட்டித் தம்பிகளை நினைத்து அழும் காட்சி, இரண்டும் முக்கியம்தான். முதல் கட்டுரையில் இவற்றை விட்டுவிடுங்கள்.

மில்லரிடம் நேரம் செலவழியுங்கள். ஊரில் அவர் என்ன வேலை பார்த்தார் என்று படையே பந்தயம் கட்டியிருக்கிறது. பிடிபட்ட ஒரு ஜெர்மன் கைதியை விடுவதா கொல்வதா என்று சண்டை முற்றி, ரீபன் விட்டுவிட்டுப் போகத் திரும்பி, சார்ஜெண்ட் துப்பாக்கியை நீட்டும் நேரத்தில், பந்தயத் தொகை எவ்வளவு ஆயிற்று என்று கேட்டுவிட்டு, நான் பள்ளி ஆசிரியர் என்று சொல்கிறார். தொடர்ந்து சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். ரயன் எனக்கு யாரோ, வெறும் பெயர். அவனைக் கண்டுபிடித்தால் என் மனைவியிடம் திரும்பிப் போகும் உரிமை எனக்குக் கிடைக்கும் என்றால், அதுதான் என் வேலை. உத்தரவு சிவப்பு, காரணம் பச்சை, முடிவெடுப்பது நீலம். ஒரே பேச்சில் மூன்று பென்சிலும் தேவைப்பட்டது இங்கேதான்.

அப்புறம் ரயனைக் கண்டுபிடிக்கிறார்கள். என் முதல் கட்டுரை கவிழ்ந்ததும் இங்கேதான். ரமெல் என்ற ஊர், கற்பனை ஊர். பாலத்தைக் காக்கக் கொஞ்சம் பேர்தான் மிச்சம். சகோதரர்கள் செத்துவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். எந்தச் சகோதரன் என்று கேட்கிறான். எல்லோரும் என்கிறார்கள். உன்னைக் கூட்டிப்போக வந்திருக்கிறோம் என்கிறார்கள். வரமாட்டேன் என்கிறான். எனக்கு மிஞ்சியிருக்கிற சகோதரர்கள் இவர்கள்தான், அம்மாவிடம் அப்படியே சொல்லுங்கள் என்கிறான். இதை நான் தேசபக்தி என்று எழுதியிருந்தேன். வட்டம் எண் ஒன்பது.

நிதானமாகப் பாருங்கள். நாடு அவனைப் போகச் சொல்கிறது. தாய்க்கும் அதுதான் வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் நிற்க, இவன் தனியாக மறுக்கிறான். மறுக்க இவன் எடுக்கிற சொல் 'சகோதரன்', வீட்டிலிருந்து எடுத்த சொல். அதை வைத்து நாட்டின் உத்தரவையும் வீட்டின் ஆசையையும் சேர்த்துத் தள்ளுகிறான். இதற்கு என்ன நிறம்? நான் பச்சை பூசி, அதன் மேல் நீலமும் பூசினேன். என் நண்பன் ஒருவன் பச்சை மட்டும்தான் என்று இன்றுவரை சாதிக்கிறான். நீங்கள் எதைப் பூசினாலும் சரி, ஏன் என்று மூன்று வரி எழுதிவிட்டால் கட்டுரையின் நடுப்பகுதி கிடைத்துவிடும்.

சுத்தமான நீலம் ஒரே இடத்தில்தான் எனக்குக் கிடைத்தது. சண்டைக்கு முன்னால் மில்லரும் ரயனும் உட்கார்ந்திருக்கிறார்கள். சகோதரர்களின் முகம் ஞாபகம் வரவில்லை என்கிறான் ரயன். முகத்தை நேராக நினைக்காதே, ஏதாவது ஒரு சம்பவத்தை நினை என்கிறார் மில்லர். தனக்கு வீட்டு ஊஞ்சற்படுக்கையும், தன்னுடைய கையுறையைப் போட்டுக்கொண்டு மனைவி ரோஜாச் செடி நறுக்குவதும் நினைவுக்கு வரும் என்கிறார். ரயன், நான்கு பேரும் கடைசியாகச் சேர்ந்திருந்த ஒரு இரவைச் சொல்லிச் சிரித்துச் சிரித்து, சட்டென்று அடங்குகிறான். பிறகு, அந்த ரோஜாச் செடிக் கதையைச் சொல்லுங்களேன் என்று கேட்கிறான். மில்லர் மறுத்துவிடுகிறார். அது எனக்கு மட்டும் வைத்திருப்பது என்கிறார். நாட்டுக்குக் கொடுக்கவில்லை, யாரைக் காப்பாற்ற வந்தாரோ அவனுக்கும் கொடுக்கவில்லை, நமக்கும் கொடுக்கவில்லை. அது என்ன கதை என்று படம் முடியும்வரை தெரியாது.

மொழிபெயர்ப்பாளன் அப்ஹம் எந்த நிறத்திலும் அடங்கமாட்டான். தோழன் மேலே கத்தியால் குத்தப்பட்டுச் சாக, படிக்கட்டில் உறைந்து நிற்கிறான். எந்தக் கைதியின் உயிருக்காக முன்பு வாதாடினானோ, அவனையே கடைசியில் சரணடைந்த பிறகு சுடுகிறான். ஒரு எச்சரிக்கை: கத்தியால் குத்தியவனும் அந்தக் கைதியும் ஒரே ஆள் என்று பலர் எழுதுகிறார்கள், வேறு வேறு ஆள். மில்லரைச் சுட்டவன்தான் அந்தக் கைதி. எழுதுவதற்கு முன் அந்த இரண்டு காட்சியையும் மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

'உண்மைக் கதை' என்று எழுதுவதற்கும் முன்னால் கொஞ்சம் நிறுத்துங்கள். தூண்டுதல் நிலாண்ட் என்ற குடும்பம். நியூயார்க் மாநிலம், டோனவாண்டா. அதில் இரண்டு சகோதரர்கள் 1944 ஜூன் 6, 7 தேதிகளில் நார்மண்டியில் இறந்தார்கள். மூன்றாமவன் பர்மாவில் இறந்ததாக நினைத்தார்கள், போர் முடியும் சமயத்தில் ஜப்பானியச் சிறைமுகாமிலிருந்து உயிரோடு வந்தான். நான்காமவன் ஃபிரிட்ஸைக் கண்டுபிடித்தது பிரான்சிஸ் சாம்ப்சன் என்ற படைப் பாதிரியார். எட்டுப் பேர் தேடிப் போனது, பாலம், கைதி எல்லாம் சினிமா. இழுபறி வர வேண்டும் என்று எங்கெங்கே கதையைக் கட்டியிருக்கிறார்கள் என்பது இதிலிருந்து தெரியும்.

கடைசியாக, முதலிலும் முடிவிலும் வருகிற கல்லறைத்தோட்டம். கொல்வில்-சுர்-மேரில் இருக்கிற உண்மையான இடம், ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். ஒரு முதியவர் முன்னால் நடக்கிறார், மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பின்னால் வருகிறார்கள். அவர் கண்ணுக்குள் போய்க் கடற்கரை திறப்பதால் மில்லர்தான் முதியவர் என்று நினைத்துவிடுகிறோம். அவர் ரயன். ரயன் கடற்கரையில் இருக்கவே இல்லை. இது இயக்குநர் செய்த ஏமாற்று என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அந்த முதியவர் கல்லறை முன்னால் நின்று, 'இதற்குத் தகுதியாக வாழ்ந்து காட்டு' என்று சாகும் மில்லர் சொன்னதற்கு ஏற்ப வாழ்ந்தேனா என்று கேட்கும் கேள்வியை நாட்டிடம் கேட்கவில்லை. மனைவி பக்கம் திரும்பி, நான் நல்ல மனிதன்தானே, சொல்லு என்கிறார்.

எழுத உட்காரும்போது நோட்டைப் புரட்டி, இரண்டு நிறம் விழுந்த பக்கங்களை மட்டும் பிரித்தெடுங்கள். எனக்கு ஏழு வந்தது. அதில் மூன்றை எடுத்தேன்: ஜன்னல் கொடி, ரீபனின் கணக்கு, ரயனின் மறுப்பு. ஒற்றை நிறப் பக்கங்களை மூடிவைத்துவிடலாம், ரோஜாச் செடியைத் தவிர. 'தேசபக்தி', 'தியாகம்', 'பாசம்' மூன்று சொல்லையும் முதல் வரைவில் பயன்படுத்தாமல் எழுதிப் பாருங்கள். கஷ்டமாக இருக்கும். அந்தச் சொல் வர வேண்டிய இடத்தில் யார் என்ன செய்தார் என்று எழுத வேண்டிவரும். விளக்க வரியோடு தொடங்காமல், இரண்டு நாள் கழித்துத் தானாக நினைவுக்கு வந்த அந்தக் காட்சியோடு தொடங்குங்கள்.

என்னுடைய இரண்டாவது கட்டுரை புழுதி கிளப்பிக்கொண்டு வரும் காரில் தொடங்கியது. அம்மா சொன்ன வரியை அப்படியே சேர்த்திருந்தேன். ஆசிரியர் இந்தத் தடவை ஒரே ஒரு வட்டம் போட்டிருந்தார், அந்த வரியைச் சுற்றி. பக்கத்தில், "இவரை எழுதச் சொல்லுங்கள்."